பரணில் ஏறி இறங்கும் கம்ப்யூட்டர்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் போய், "பழைய டெஸ்க்டாப், ரொம்ப ஸ்லோ" என்று சொல்லிப் பாருங்கள். "புதுசா அசெம்பிள் பண்ணிடலாம் சார்" என்ற பதில் எந்தக் கடையிலும் தயாராக இருக்கும். பர்ஸைத் திறக்குமுன் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

அதை ஒரு சமையலறையாக வைத்துக்கொள்ளுங்கள். சமைப்பவர் பிராசசர். அவர் முன்னால் இருக்கும் மேடை ரேம். மளிகை இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். அதுவோ ஏணி போட்டு ஏறவேண்டிய பரண். கடுகு வேண்டுமா, ஏறு. உளுந்தா, இறங்கி மறுபடி ஏறு. 7200 ஆர்.பி.எம். டிஸ்க்கின் தட்டு நொடிக்கு 120 தடவை சுற்றுகிறது. கேட்ட தகவல் அதைப் படிக்கும் முள்ளுக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று ஆகும், அதுவே 4 மில்லிசெகண்டுக்கு மேல். முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால் பத்தைத் தாண்டிவிடும். ஒரு தடவைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. அடுப்பு எரிந்துகொண்டிருக்க, சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

மேடை சின்னதாக இருந்தால் கொடுமை இரட்டிப்பு. 4 ஜிபி ரேமில் குரோமில் பத்து டேப் திறந்தால் இடம் நிரம்பிவிடும். விண்டோஸ் பாதி நறுக்கிய காயைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு, நீங்கள் கேட்டதும் திரும்ப இறக்குகிறது.

நம்பாதவர்கள் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கலாம். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியு இருபதைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசர்கூடக் கணக்கு வழக்குக்கும் யூடியூபுக்கும் இன்றும் தாராளம்.

ஆகவே முதல் செலவு, 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. சுழலும் தட்டு இதில் இல்லை. தேடும் நேரம் மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்குதான். கைக்கெட்டும் அலமாரி என்று சொல்லலாம். கடைக்காரர் எம்.2 வகையை நீட்டினால் வாங்காதீர்கள், அந்தக் காலத்து எச்61 மதர்போர்டில் அதற்கு ஸ்லாட்டே கிடையாது. அந்த போர்டின் சாட்டா போர்ட்டும் பழைய 3 ஜிகாபிட் ரகம்தான், எஸ்.எஸ்.டி.யின் முழு வேகம் வராது. கவலை வேண்டாம், ஏணி ஏறுவது ஒழிந்ததே பெரிய லாபம். கேபிளுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரும் தொடாத டிவிடி டிரைவிலிருந்து டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் பிடுங்கி மாட்டுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் கல்யாண ஃபோட்டோக்களுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். எப்போதாவது எடுக்கும் அண்டாவுக்குப் பரண் போதும்.

அடுத்தது ரேம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் செகண்ட்ஹேண்ட் டிடிஆர்3 தேடுவதில் தப்பில்லை. டிடிஆர்4 இந்த போர்டில் உட்காராது; அடியில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். பழைய ஸ்டிக்கைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், கடையிலேயே போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். 8 ஜிபி வந்தால் போதும்.

கேபினெட், மானிட்டர், கீபோர்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும். மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கருகிய வாடை வந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். போர்டில் கெபாசிட்டர்கள் தலை உப்பியிருந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம், பெட்டியை மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராசசர்களை முறைப்படி ஏற்பதில்லை. பேங்க் வேலை பார்க்கும் பெட்டி என்றால் புது எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள், அதற்குப் பணம் கிடையாது.