வடதுருவம் உருகுவதை மெதுவாக்க முடியுமா? காபனீரொட்சைட்டுக்கு அப்பால் ஒரு பார்வை

காலநிலை மாற்றம் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காபனீரொட்சைட்டு ஒன்றுதான். அது தவறல்ல. புவி வெப்பமடைவதற்கான முதன்மைக் காரணி அதுவே. ஆனால் வடதுருவத்தில் இன்று நடந்துகொண்டிருப்பதை விளங்கிக்கொள்ள அது மட்டும் போதாது. சில நாட்களோ சில ஆண்டுகளோ மட்டும் வளியில் தங்கியிருந்து, அந்தக் குறுகிய காலத்துக்குள் பெரும் சேதத்தை ஏற்படுத்தும் வேறு சில மாசுக்களும் உள்ளன. அவை பற்றி எமது ஊடகங்களில் அதிகம் பேசப்படுவதில்லை என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

1979ஆம் ஆண்டிலிருந்து வடதுருவப் பகுதி, உலக சராசரியை விட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளதாக பின்லாந்து ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று எளிமையானது. புதிதாக விழுந்த வெண்பனி, தன்மீது படும் சூரிய ஒளியில் 80 சதவீதத்துக்கும் அதிகமானதைத் திருப்பி அனுப்பிவிடும். பனி உருகிக் கடல் வெளிப்பட்டால், கருமையான அந்த நீர் ஒளியில் 90 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய வெப்பம் மேலும் பனியை உருக்கும். ஒன்று மற்றொன்றைத் தூண்டிக்கொண்டே போகும்.

இந்த இடத்தில்தான் முதலாவது மாசு வருகிறது. அதுதான் கரும்புகைக் கரி. டீசல் இயந்திரங்கள், கப்பல்கள், விறகு அடுப்புகள், காட்டுத்தீ, எண்ணெய்க் கிணறுகளில் வீணாக எரிக்கப்படும் வாயு ஆகியவற்றிலிருந்து இது வெளிவருகிறது. வளியில் இதன் ஆயுள் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்கள் வரைதான். ஆனால் அது வெண்பனி மீது படியும்போது பனியின் வெண்மை குறைகிறது. பனி விரைவாக உருகுகிறது. வெள்ளைச் சட்டையையும் கறுப்புச் சட்டையையும் உச்சி வெயிலில் அணிந்து பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது மீதேன். இது வளியில் சுமார் 12 ஆண்டுகள் இருக்கும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு தொன் மீதேன் ஒரு தொன் காபனீரொட்சைட்டை விட 80 மடங்குக்கும் அதிகமாக வெப்பமூட்டக்கூடியது. கைத்தொழில் புரட்சிக்கு முந்திய அளவோடு ஒப்பிடுகையில் வளிமண்டலத்தில் அதன் செறிவு இன்று இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. மூன்றாவது, தரைக்கு அண்மையில் உருவாகும் ஓசோன். மீதேனே இதனை உருவாக்கும் மூலப்பொருட்களில் ஒன்று. நான்காவது, குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஏசிகளிலும் பயன்படும் ஐதரோ புளோரோ காபன்கள்.

இவற்றுக்கிடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மீதேன் உலகம் முழுவதும் பரவிக் கலந்துவிடும். எந்த நாட்டில் ஒரு தொன் குறைத்தாலும் அதன் பலன் துருவத்துக்கும் சேரும். கரி அப்படியல்ல. அது எங்கிருந்து வெளியாகிறது என்பதே முக்கியம். துருவத்துக்கு அருகில் வெளியாகும் கரியே பனியில் அதிகம் படியும். ஆகவே கரியைப் பொறுத்தவரை முதற்பொறுப்பு வடக்கு நாடுகளுடையது.

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் உலக வானிலை அமைப்பும் 2011இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. மீதேனையும் கரியையும் கட்டுப்படுத்தும் 16 நடவடிக்கைகளை உலகம் முழுமையாகச் செயற்படுத்தினால், 2040ஆம் ஆண்டளவில் வடதுருவ வெப்பநிலை உயர்வை சுமார் 0.7 பாகை செல்சியஸால் குறைக்கலாம் என அது கூறியது. வருடாந்தம் 24 இலட்சம் அகால மரணங்களைத் தவிர்க்கலாம் எனவும் கணித்தது. ஏனெனில் பனியைக் கருமையாக்கும் அதே கரிதான் மனிதனின் நுரையீரலுக்குள்ளும் போகிறது.

அதன் பின்னர் நடந்தது என்ன? வடதுருவத்தைச் சூழவுள்ள எட்டு நாடுகளைக் கொண்ட ஆர்க்டிக் பேரவை, 2013ஆம் ஆண்டு அளவிலிருந்து 25 முதல் 33 சதவீதம் வரை கரியை 2025க்குள் கூட்டாகக் குறைப்பதென 2017இல் இலக்கு நிர்ணயித்தது. ஆனால் அது சட்டரீதியாகக் கட்டுப்படுத்தும் இலக்கல்ல. 2022இல் உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து ஏனைய ஏழு நாடுகளும் ரஷ்யாவுடனான பேரவைப் பணிகளை இடைநிறுத்தின. வடதுருவக் கரையின் மிக நீண்ட பகுதியும், வாயு எரிப்பில் உலகின் முதலிடமும் ரஷ்யாவிடமே உள்ளன என்பதை மறந்துவிடக்கூடாது.

கப்பல்களின் கதையும் அவ்வாறே. அந்தாட்டிக் கடலில் கனரக எரிபொருள் எண்ணெய் 2011இலேயே தடைசெய்யப்பட்டது. வடதுருவக் கடலில் அத்தடை 2024 ஜூலை முதலாம் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. அதிலும் சில கப்பல்களுக்கு 2029 வரை விலக்கு உண்டு. பனி உருக உருகக் கப்பல் பாதைகள் திறக்கின்றன, கப்பல்கள் கூடக் கூடக் கரியும் கூடுகிறது என்ற நிலையில் இது தாமதமான முடிவு என்பதே எனது கருத்து.

நம்பிக்கையூட்டும் பக்கமும் உண்டு. 2016இல் கிகாலியில் எட்டப்பட்ட திருத்தம் ஐதரோ புளோரோ காபன்களைப் படிப்படியாகக் குறைக்க நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2020ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030க்குள் மீதேனை 30 சதவீதம் குறைக்கும் உறுதிமொழி முன்வைக்கப்பட்டது. 150க்கும் அதிகமான நாடுகள் அதில் இணைந்தன. எண்ணெய், வாயுக் குழாய்களின் கசிவை அடைப்பது செலவு மட்டுமல்ல. பிடித்த வாயுவை விற்கவும் முடியும். ஆனாலும் ரஷ்யாவோடு ஈரான், ஈராக், அல்ஜீரியா, லிபியா போன்ற முஸ்லிம் நாடுகளும் வாயுவை அதிகம் எரிக்கும் நாடுகளின் பட்டியலில் தொடர்ந்து இடம்பெறுவது எமக்குக் கவலை தரவேண்டிய விடயம்.

எமக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கிறீன்லாந்தின் பனி முழுவதும் உருக நூற்றாண்டுகள் பல எடுக்கும். ஆனால் அது முழுமையாக உருகினால் கடல் மட்டம் சுமார் 7 மீற்றர் உயரும். அதில் மிகச் சிறு பங்கு உருகினாலும் கல்முனை, காத்தான்குடி, கிண்ணியா போன்ற கரையோர ஊர்களுக்கும் மாலைதீவுக்கும் அது சிறிய விடயமல்ல.

எமது பங்கும் பூச்சியமல்ல. நீர் தேங்கிய வயல், தரம்பிரிக்காத குப்பை மேடு இரண்டிலுமிருந்து மீதேன் வருகிறது. வயலை இடைக்கிடையே காயவிட்டு நீர் பாய்ச்சும் முறை மீதேனைக் கணிசமாகக் குறைக்கும், நீரையும் மிச்சப்படுத்தும். உக்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்துப் பசளையாக்கலாம். பழைய பிரிட்ஜைத் திருத்தும்போது வாயுவை வெளியே திறந்துவிடாமல் சேகரிக்குமாறு கேட்கலாம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்த வேண்டும். இவை காபனீரொட்சைட்டைக் குறைப்பதற்கு மாற்றீடு அல்ல. இன்று வெளியாகும் காபனீரொட்சைட்டின் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் வளியில் இருக்கும். இறுதியில் வெப்பம் எவ்வளவு உயரும் என்பதை அதுவே தீர்மானிக்கும். ஆனால் வரும் இருபது ஆண்டுகளில் எவ்வளவு வேகமாக உயரும் என்பதில் மீதேனுக்கும் கரிக்கும் பெரும் பங்குண்டு. துருவப் பனிக்கு அந்த இருபது ஆண்டுகளே முக்கியமானவை. ஒன்றைச் செய்கிறோம் என்று சொல்லி மற்றதைத் தள்ளிப்போட எந்த அரசுக்கும் இடமளிக்கக்கூடாது.