சட்டையில் ஒட்டும் சுவர்

சுவரில் சாய்ந்து எழுந்தால் முதுகெல்லாம் வெள்ளை மாவு. பெயிண்ட் அடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. பெயிண்டரைத் திட்டுவதற்கு முன், வாளிக்குள் என்ன இருந்தது என்று பார்த்துவிடலாம்.

எமல்ஷன் பெயிண்ட் என்பது தண்ணீர், பிசின், பொடிகள், சிட்டிகை அளவில் சேரும் சில துணைப்பொருட்கள். அவ்வளவுதான்.

இதில் பிசின்தான் உயிர். பெரும்பாலும் அக்ரிலிக் வகை. இது தண்ணீரில் கரையாது. பாலில் கொழுப்பு மிதப்பதுபோல, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்த அளவிலான மணிகளாக மிதக்கும். தச்சர் பயன்படுத்தும் ஃபெவிகாலும் இப்படி மணிகளாக மிதக்கும் பிசின்தான். பிதுக்கும்போது பால்வெள்ளை, காய்ந்தால் கண்ணாடி. தண்ணீர் ஆவியாக ஆக மணிகள் நெருங்கி, இளகி, ஒரே படலமாகின்றன. பிறகு தண்ணீர் பட்டாலும் அது கரையாது.

வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்ஸைடு. இதன் மூலப்பொருள்களில் ஒன்று, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் இல்மனைட் என்ற கறுப்பு மணல்! டைட்டானியம் டை ஆக்ஸைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, பிசினுக்கு 1.5. இந்த இடைவெளியால்தான் ஒளி சிதறி, அடியிலுள்ள பழைய நிறம் மறைகிறது. ஆனால் விலை அதிகம். அதனால் கால்சைட், சீனக்களிமண், டால்க் போன்ற மலிவான பொடிகளையும் கலக்கிறார்கள்.

ஆலையில் முதலில் தண்ணீரில் பொடிகளைப் போட்டு அதிவேகமாகச் சுழற்றி, கட்டியில்லாமல் பிரிப்பார்கள். பிசின் பிறகுதான், வேகமாக அடித்தால் மணிகள் திரிந்துவிடும். இவற்றுடன் பெயிண்ட் வழியாமல் நிற்க செல்லுலோஸ் வகைக் கெட்டிப்பான், நுரை அடக்கி, கெட்டுப்போகாமல் காக்கும் கிருமிநாசினி எனச் சேர்ப்பார்கள்.

விலையைக் குறைக்க எளிய வழி, பிசினைக் குறைத்துப் பொடியைக் கூட்டுவது. ஓர் எல்லை தாண்டினால், பிசின் எல்லாப் பொடியையும் பற்றிக்கொள்ளப் போதாது. இடையில் காற்று புகும். அந்தக் காற்றும் ஒளியைச் சிதறடிப்பதால் முதல் நாள் சுவர் பளிச்சென்றே இருக்கும். ஈரம் பட்டால் பழைய நிறம் எட்டிப்பார்க்கும். துடைத்தால் மாவு உதிரும்.

எனவே வெண்மையைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதலில் ஒரு மூலையில் அடித்து, சில வாரம் கழித்து ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் மாவு ஒட்டினால், அந்த வாளியில் பிசின் போதாமல் இருந்திருக்கலாம்.