பணிக்கேற்ற பண்

தொழிலுக்குத் துணையாக ஒலிக்கும் இசையைப் பணியிசை எனலாம். தொழில் செய்வோரே பாடுவது ஒருவகை. பிறர் இசைக்கத் தொழில் செய்வோர் கேட்பது மற்றொருவகை. பணியும் அவ்வாறே உடலால் இயல்வது, சொல்லால் இயல்வது எனப் பிரியும். எவ்விசை எப்பணிக்குத் துணையாகும், எதற்கு இடையூறாகும் என்பது இப்பகுப்பைக் கொண்டே விளங்கும். இசை கேட்டால் வேலை சிறக்கும் என்று பொதுப்படக் கூறுவது அரைகுறை அறிவே.

ஏற்றம் இறைப்போருள் ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் கிணற்றின் வாயில் நின்று, நீர் மொள்ளும் கலமாகிய சாலைக் கவிழ்த்தவாறே பாடுவார். சால் இறங்கி, நிரம்பி, ஏறிக் கவிழும் காலத்தோடு பாட்டின் நடையும் ஒத்துச் செல்லும். எத்தனையாவது சால் என்னும் எண்ணும் பாட்டுக்குள்ளேயே அமைந்துவிடும். பாட்டு இங்கே அணியன்று. காலங்காட்டியும் கணக்கனும் அதுவே. சீரான தாளத்தைச் செவி ஏற்குங்கால், உடல் அசையாதிருப்பினும் மூளையின் இயக்கப் பகுதிகள் கிளர்கின்றன. அடுத்த அடி எப்பொழுது விழும் என்பதை மூளை முன்னரே உணர்வதால், தசைகள் உரிய நொடியில் சுருங்குகின்றன. இதனைத் தாள ஒன்றிப்பு என்க. அளவான உழைப்பின்போது இசை நம் கருத்தைக் களைப்பினின்றும் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். உழைப்பு கடுமையுறின் உடலின் முறையீடே மேலோங்கும்.

போர்க்காலப் பிரித்தானியாவில், 1940 சூன் திங்களில், ஆலைத் தொழிலாளர்க்கென நாளுக்கு இருமுறை ஒலிக்கும் இசைநிகழ்ச்சி ஒன்றைப் பி.பி.சி. வானொலி தொடங்கி, 1967 வரை நடத்தியது. இடையிடையே கைதட்டத் தூண்டும் ஒரு பாட்டினை அதனின்றும் விலக்கிவைத்தனர். கேட்போர் கையிலுள்ள கருவிகளாலேயே பொறிகளைத் தட்டித் தாளமிடுவர் என்று அஞ்சினர். தாள ஒன்றிப்புக்கு இத்தகு சான்று ஆய்வுக்கூடத்திலும் எளிதில் வாய்க்காது.

சொற்பணியிலோ நிலை மாறுகிறது. கண்டதையும் கேட்டதையும் சிறிது பொழுது ஏந்திவைத்துக் கையாளும் ஆற்றல் செயல்நினைவு எனப்படும். அதனுள் சொல்லொலிகளைத் தாங்கும் பகுதி மிகக் குறுகியது. பாடலின் சொற்கள் அழையாமலே அதனுட் புகுந்து இடங்கொள்கின்றன. எண்வரிசைகளை நினைவிற்கொள்ள முயன்றோரை வாய்ப்பாட்டு, கருவியிசையினும் மிகுதியாக இடறச் செய்தது எனச் சலாமே, பேடிலி என்னும் உளவியலார் 1989-இல் காட்டினர். ஆதலின் மடல் வரைவோரும் மெய்ப்புத் திருத்துவோரும் குழலிசையையோ நரம்பிசையையோ தாழ்ந்த ஒலியில் கேட்கலாம். அலுவலகத்தில் திரைப்பாடலை உரக்க ஒலிக்கவிட்டு அதனை ஊக்கம் என்பார்க்கு இது கசக்கும்.

இனி, தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக வைத்த உவகையை இசை எவ்வாறு எழுப்புகிறது எனக் காண்போம். விரும்பிய இசையின் முகட்டில் மட்டுமன்றி, அதனை எதிர்நோக்கும் நொடிகளிலும் மூளையில் தோபமைன் என்னும் செய்திப்பொருள் வெளிப்படுவதை 2011-இல் மொன்றியல் ஆய்வாளர் கண்டறிந்தனர். உவகை பணிக்கு என்ன செய்யும் என்பதை உளவியலார் ஆலிசு ஐசன் குழுவினர் 1987-இல் ஆராய்ந்திருந்தனர். மெழுகுதிரி ஒன்று, பெட்டி நிறையக் குத்தூசிகள், தீக்குச்சிகள் ஆகியவற்றைத் தந்து, மெழுகு கீழே சொட்டாதவாறு திரியைச் சுவரில் பொருத்துமாறு கூறினர். ஊசிகளைக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியைச் சுவரிற் குத்தித் தாங்கியாக்குவதே விடை. நகைச்சுவைப் படம் பார்த்துவிட்டு வந்தோருள் மிகுதியானோர்க்கு அவ்விடை புலப்பட்டது. பெட்டி, ஊசியை இடும் கலம் என்னும் வழக்கமான எண்ணத்தை உவந்த உள்ளம் எளிதிற் கடந்தது. எனவே புதுவழி தேடும் பணிக்குமுன் சிறிது நேரம் சிரித்திருப்பதும் பாட்டுக் கேட்பதும் வீண்பொழுதல்ல. வரவுசெலவை வரிவரியாகச் சரிபார்ப்பவருக்கு மட்டும் அதனை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன்.