ஒரே பாடம், மூன்று படிகள்

பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை எனப் பிரித்து, அன்னம் முதல் பன்னாடை வரை எட்டு உவமைகள் சொன்னார். இது நம்மில் பலருக்கும் தெரியும். ஆனால் கேட்பவன் எப்படி வாங்கிக்கொள்வான் என்று அறிந்து, அதற்கேற்பப் பாடம் சொல்ல வேண்டும் என்று அதே பாயிரம் ஆசிரியருக்கும் விதிக்கிறது. பையனைத் திட்ட முதலாவதை நினைவில் வைத்தோம், இரண்டாவதை விட்டுவிட்டோம்.

இன்றைய கல்வியாளர்கள் 'டிஃபரன்ஷியேட்டட் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

இதற்கு இப்போது என்ன அவசரம்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, படிப்பு விட்டுப்போன பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்காமலே பலர் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள். 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயதினரிடம் 2023இல் 'அசர்' ஆய்வு நடந்தது. அதில் சுமார் கால்வாசிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை மாநில மொழியில் சரளமாக வாசிக்க முடியவில்லை. வகுத்தல் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் 43.3 சதவீதமே.

தில்லி அரசு 2016இல் 'சுனௌதி' திட்டத்தின் கீழ்ப் பிள்ளைகளைத் தரவாரியாகப் பிரித்து உட்காரவைத்தது. சொல்லிக்கொடுக்க வசதிதான். ஆனால் 'மக்குப் பிரிவு' என்ற முத்திரை ஒருமுறை விழுந்தால் லேசில் அழியாதுங்க. ஆளைப் பிரிப்பதைவிடக் கேள்வியைப் பிரிப்பதே மேல் என்பது என் கருத்து.

நான் கடைக்காரன், கடைக் கணக்கிலேயே காட்டுகிறேன். பாடம் சதவீதம். முதற்படி: 100 ரூபாய்க்கு 5 ரூபாய் லாபம் என்றால் 300 ரூபாய்க்கு எவ்வளவு? இரண்டாம் படி: 640 ரூபாய்ச் சேலைக்கு 15 சதவீதம் தள்ளுபடி போக விலை என்ன? (544.) மூன்றாம் படி: விலையை 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் லாபமா, நட்டமா? (100 ரூபாய்ச் சரக்கு 120 ஆகி, 96க்குப் போகும், 4 ரூபாய் நட்டம்.)

யார் எந்தப் படியில் தொடங்குவது என்பதை முந்தின நாள் கொடுத்த இரண்டு சிறு கணக்குகளே காட்டிவிடும். அடுத்த பாடத்தில் இடம் மாறலாம். கடைசிப் பத்து நிமிடம் மூன்றாம் கணக்கை எல்லோரும் சேர்ந்து பேச வேண்டும். முதற்படிப் பையனும் அதைக் கேட்க வேண்டும்.

வாத்தியாருக்கு வேலை கூடும், உண்மைதான். ஆனால் வகுப்பில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் பத்தாம் வகுப்புக்கு முன்பே படிப்பை விட்டுவிடுகிறது. நம் சங்கத்தில் மாலை வகுப்பு எடுக்கும் நண்பர்கள் ஒரு பாடத்திலாவது இதைச் செய்து பார்க்கலாமே.