உடற்பயிற்சி அடிப்படைச் சொற்கள்

உடற்பயிற்சி அடிப்படைச் சொற்கள் என்பவை உடற்பயிற்சிக் கூடங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் பயிற்சியின் வகை, அளவு, கடுமை, ஓய்வு ஆகியவற்றைக் குறிக்கப் பயன்படும் சொற்கள் ஆகும். இவற்றுள் செட், ரெப், ஏரோபிக் போன்றவை ஆங்கிலத்திலிருந்து வந்தவை. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை போன்றவை தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கி வருபவை. இச்சொற்களுள் பெரும்பாலானவை அளக்கக்கூடிய ஒன்றைக் குறிக்கின்றன. எவ்வளவு எடை, எத்தனை முறை, எவ்வளவு நேரம், எத்தனை நாள் இடைவெளி என்பவை தெரிந்தால் பயிற்சியைச் சிறிது சிறிதாக உயர்த்த இயலும். இவற்றை அறியாமல் முதல் நாளிலேயே மிகுதியாகச் செய்வது தொடக்கநிலையில் காயம் ஏற்படுவதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

உடலுழைப்பும் உடற்பயிற்சியும்

தசைகளை இயக்கி ஆற்றலைச் செலவிடும் எந்தச் செயலும் உடலுழைப்பு எனப்படும். விருத்தாச்சலத்துப் பீங்கான் தொழிற்கூடத்தில் களிமண் சுமப்பதும், திட்டக்குடிப் பகுதி வயலில் நாற்று நடுவதும் உடலுழைப்பே. உடல்தகுதியை வளர்க்கும் நோக்கத்துடன் திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் செய்யப்படுவது உடற்பயிற்சி எனப்படும்.

உடலுழைப்புக்கும் இதய நலத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முன்னோடி ஆய்வு 1953ஆம் ஆண்டு வெளிவந்தது. செரமி மோரிசு என்ற மருத்துவர் இலண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஆராய்ந்தார். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களை விட, படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களிடம் இதயநோய் குறைவாகக் காணப்பட்டது.

உடல்தகுதி என்பது ஒரே பண்பு அன்று. அதன் கூறுகள் பின்வருமாறு:

- இதய, நுரையீரல் தாங்குதிறன்: நெடுநேரம் ஓடவோ நடக்கவோ இயலும் தன்மை.
- தசை வலிமை: ஒரு முறை செலுத்தக்கூடிய மிகுந்த விசை.
- தசைத் தாங்குதிறன்: ஓர் அசைவைப் பலமுறை செய்யும் ஆற்றல்.
- நெகிழ்திறன்: மூட்டுகள் முழு வீச்சில் அசையும் தன்மை.
- உடற்கூறமைவு: உடல் எடையில் கொழுப்பு, தசை முதலியவற்றின் பங்கு.

ஒருவர் இவற்றுள் ஒன்றில் சிறந்தும் மற்றொன்றில் பின்தங்கியும் இருக்கலாம்.

தமிழகத்துப் பயிற்சிகள்

தண்டால் என்பது கைகளையும் கால்விரல்களையும் தரையில் ஊன்றி, உடலைத் தாழ்த்தி உயர்த்தும் பயிற்சி ஆகும். மரபு முறையில் இடுப்பை உயர்த்தி, மார்பைத் தரையை ஒட்டி முன்னே செலுத்தி எழுவர். உடலை நேராக வைத்துச் செய்யும் வகை புஷ்-அப் எனப்படுகிறது. பஸ்கி என்பது முழங்கால்களை மடக்கி முழுதும் அமர்ந்து எழும் பயிற்சி. பிள்ளையார் முன் காதுகளைப் பிடித்துப் போடும் தோப்புக்கரணத்திலும் இதே அசைவு உள்ளது. கூடங்களில் ஸ்குவாட் எனப்படுவதும் இதனை ஒத்ததே.

கர்லாக்கட்டை என்பது தோளைச் சுற்றிச் சுழற்றப்படும் மரக்கட்டை ஆகும். இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற கட்டை சுழற்றும் பயிற்சி, 1904, 1932ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் விளையாட்டுகளில் சீருடற்பயிற்சிப் போட்டிகளுள் ஒன்றாக இருந்தது. தமிழகத்தில் உடற்கல்வியை முறையான பாடமாக வளர்த்ததில் ஆரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரிக்கு முக்கிய பங்கு உண்டு.

ஏரோபிக் பயிற்சி

நடை, மெல்லோட்டம், மிதிவண்டி, நீச்சல் போன்று, தசைகளுக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதி ஆக்சிசனின் துணையுடன் பெறப்படும் தொடர் பயிற்சி ஏரோபிக் பயிற்சி அல்லது உயிர்வளிப் பயிற்சி எனப்படும். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் எழுதிய நூலால் இச்சொல் பரவலாயிற்று. 100 மீட்டர் விரைவோட்டம் போன்று சில நொடிகளே நீடிக்கும் கடுஞ்செயலில் ஆற்றலின் பெரும்பகுதி ஆக்சிசன் இன்றியே பெறப்படுகிறது. இது அனேரோபிக் எனப்படும்.

பயிற்சி எவ்வளவு கடினமானது என்பதைக் கடுமை என்ற சொல் குறிக்கும். அதனை அறியும் வழிகளுள் சில:

- பேச்சுச் சோதனை: பேச முடிந்தும் பாட முடியாவிட்டால் கடுமை மிதமானது. சில சொற்களுக்கு மேல் மூச்சு வாங்காமல் பேச முடியாவிட்டால் அது தீவிரமானது. இதற்குக் கருவி தேவையில்லை.
- இதயத் துடிப்பு: 220இலிருந்து அகவையைக் கழித்தால் நிமிடத்திற்கான உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 20 அகவையினருக்கு இது 200. இதில் 64 முதல் 76 விழுக்காடு வரை, அதாவது 128 முதல் 152 வரை, மிதமான கடுமை ஆகும். இது சராசரிக் கணக்கே என்பதால் ஒருவருடைய உண்மையான உச்சத் துடிப்பு பத்துக்கு மேலும் வேறுபடலாம்.
- மெட்: அமைதியாக அமர்ந்திருக்கையில் உடல் செலவிடும் ஆற்றல் 1 மெட் ஆகும். இது ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி. 60 கிலோகிராம் எடையுள்ளவர் ஏறத்தாழ 4 மெட் கடுமையில் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் 240 கிலோகலோரி செலவாகும். உணவுப் பொதிகளைப் பற்றிப் பேசுகையில் கலோரி என்று சுருக்கமாகச் சொல்லப்படுவதும் கிலோகலோரியே.

எடுத்துக்காட்டு: 1500 மீட்டர் ஓட்டம்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் 2023ஆம் ஆண்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு அறிவிப்பின்படி, ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓடி முடித்தால் மட்டுமே அடுத்த கட்டத்திற்குச் செல்ல இயலும். சிற்றூர்களைச் சேர்ந்த பலருக்கு ஓர் அரசுப் பணியே இதனைப் பொறுத்து அமைகிறது.

7 நிமிடம் என்பது 420 நொடி. எனவே ஒவ்வொரு 100 மீட்டரையும் 28 நொடியில் கடக்க வேண்டும். 400 மீட்டர் தடத்தில் இது ஒரு சுற்றுக்கு 112 நொடி வீதம் மூன்றேமுக்கால் சுற்று ஆகும். இவ்வாறு ஒரு குறிப்பிட்ட தொலைவுக்கு ஆகும் நேரம் ஓட்ட வீதம் எனப்படும். முதற்சுற்றை 80 நொடியில் ஓடுபவர் 32 நொடியை மிச்சப்படுத்தியவர் போலத் தோன்றினாலும், விரைவில் களைத்துப் பிந்தைய சுற்றுகளில் அதனை விடக் கூடுதலாக இழக்க நேரிடலாம்.

முழுத் தொலைவையும் இந்த வீதத்தில் ஓட இயலாதவர்கள் இடைவெளிப் பயிற்சியை மேற்கொள்ளலாம். ஒரு சுற்றை 112 நொடியில் ஓடி, மூன்று நிமிடம் மெல்ல நடந்து, மீண்டும் ஓடுவது என நான்கு முறை செய்வது இதற்கு எடுத்துக்காட்டு. வாரங்கள் செல்லச் செல்ல ஓட்டத்தின் வேகத்தை மாற்றாமல் நடக்கும் நேரத்தை மட்டும் குறைத்து வந்தால் இறுதியில் தொடர்ந்து ஓடும் நிலையை நெருங்கலாம். இது கடுமையான பயிற்சி என்பதால் அடுத்தடுத்த நாட்களில் செய்யக்கூடாது.

வலிமைப் பயிற்சியின் அளவுகள்

தசைகள் ஒரு தடையை எதிர்த்து இயங்கும் பயிற்சி வலிமைப் பயிற்சி ஆகும். டம்பெல், பார்பெல் ஆகியவை மட்டுமின்றி, சொந்த உடல் எடையும் தடையாக அமையலாம்.

- சுமை: எதிர்த்து இயக்கப்படும் எடை. புஷ்-அப் செய்கையில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது 40 கிலோகிராம். சுவரில் கையூன்றிச் செய்தால் சுமை பெரிதும் குறையும்.
- ரெப்: ஓர் அசைவை ஒரு முறை முழுமையாகச் செய்து முடிப்பது.
- செட்: இடையில் ஓய்வின்றித் தொடர்ந்து செய்யப்படும் ரெப்களின் தொகுதி.
- ஓய்விடை: இரண்டு செட்களுக்கு இடையிலான ஓய்வு நேரம்.
- பயிற்சிக் கனவளவு: சுமை, ரெப், செட் ஆகியவற்றின் பெருக்கம். 20 கிலோகிராம் எடையை 10 ரெப் வீதம் 3 செட் தூக்கினால் 600 கிலோகிராம்.
- ஒரு முறை உச்சம்: முறையான நிலையில் ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய எடை. தொடக்கநிலையாளர்கள் இதனைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

பயிற்சித் தாளில் 3×10 என்றிருந்தால் பத்து ரெப் கொண்ட மூன்று செட் என்று பொருள். இம்முறை பரவியதற்கு அமெரிக்க மருத்துவர் தாமசு டெலார்ம் ஒரு காரணம் ஆவார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் தசைகளை மீட்க அவர் எடைப் பயிற்சியைப் பயன்படுத்தினார். பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடையைக் கண்டறிந்து, அதில் பாதி, முக்கால், முழு எடை என மூன்று செட்களை 1948இல் அவர் பரிந்துரைத்தார்.

படிப்படியான சுமையேற்றம்

உடல் ஒரு சுமைக்குப் பழகியபின் அதனைச் சற்று உயர்த்துவது படிப்படியான சுமையேற்றம் எனப்படும். சுமை, ரெப், செட், ஓய்விடை ஆகியவற்றுள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது நல்லது.

தென் தமிழகச் சிற்றூர்களில் இளைஞர்கள் தூக்கும் இளவட்டக்கல்லுடன் ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். கல்லின் எடை மாறாது. அதனைத் தூக்க இயலும் அல்லது இயலாது. பார்பெல்லில் தகடுகளைச் சேர்த்து எடையைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். எனவே கல் வலிமையைச் சோதிக்க ஏற்றது; பார்பெல் வலிமையை வளர்க்கவும் ஏற்றது. வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டுகளில் 77 கிலோகிராம் பிரிவில் 149, 179 என மொத்தம் 328 கிலோகிராம் தூக்கித் தங்கம் வென்றார். முதலாவது, தரையிலிருந்து தலைக்கு மேல் ஒரே வீச்சில் தூக்கும் ஸ்னாட்ச். இரண்டாவது, தோளில் நிறுத்திப் பின் உயர்த்தும் கிளீன் அண்டு ஜெர்க். இத்தகைய எடைகளைப் பல ஆண்டுப் படிப்படியான பயிற்சியின்றி எவரும் எட்ட இயலாது.

ஓய்வும் வலியும்

பயிற்சி தசைக்குத் தூண்டுதலைத் தருகிறது. தசை தன்னைச் சீர்செய்து வலுப்பெறுவது அதன்பின் வரும் ஓய்விலும் உறக்கத்திலுமே. புதிய பயிற்சிக்குப் பிறகு 24 முதல் 72 மணி நேரத்தில் மிகுந்து, பின் தானாகத் தணியும் வலி காலந்தாழ்ந்த தசைவலி எனப்படும். இது பெரும்பாலும் தீங்கற்றது. பயிற்சியின்போதே திடீரெனக் குத்தும் வலியும், மூட்டில் தோன்றும் வலியும், வீக்கமும் காயத்தின் அறிகுறிகள் ஆகும்.

பழக்கமில்லாதவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கி போடுவது கடும் தசைச்சிதைவை உண்டாக்கக்கூடும். இதில் சிதைந்த தசைநார்களிலிருந்து வெளிவரும் மையோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தாங்கவொண்ணா வலி, தசை வீக்கம், தேயிலை வடிநீர் போன்ற கருஞ்சிறுநீர் ஆகியவை இதன் அடையாளங்கள். இவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோப்புக்கரணத்தைத் தண்டனையாகப் பெரும் எண்ணிக்கையில் போடச் சொல்வதிலும் இதே ஆபத்து உள்ளது.

பரிந்துரைக்கப்படும் அளவு

உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடத் தீவிர உடலுழைப்போ தேவை. இத்துடன் வாரம் குறைந்தது இரு நாள் வலிமைப் பயிற்சியும் வேண்டும். 5 முதல் 17 அகவையினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் தேவை. சிறிதளவு செய்வதும் எதுவும் செய்யாதிருப்பதை விட நன்று என்றும் அவ்வழிகாட்டுதல் கூறுகிறது.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் ஐந்து முதல் பத்து நிமிடம் மெல்ல இயங்கி உடலைச் சூடேற்றுவது வார்ம்-அப் எனவும், முடிவில் வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பது கூல்-டவுன் எனவும் அழைக்கப்படுகின்றன. இதயநோய், மிகை இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரின் அறிவுரை பெற்றுத் தொடங்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சுவலியோ மயக்கமோ ஏற்பட்டால் எவராயினும் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெற வேண்டும்.