கோப்புகள் நத்தையாய் ஊர்வது ஏன்?

ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும், மடை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் வயலுக்குப் பாயும். கணினி உலகிலும் இதே நியதிதான் நடக்கிறது என்பதைக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிலேயே கண்கூடாகக் கண்டோம். எங்களுக்கு நேர்ந்த இழப்பு மற்றவர்க்கும் நேராதிருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், நாங்கள் கற்றுக்கொண்டதை அன்புத் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் இங்கே எழுதுகிறோம்.

சேமிப்புப் பெட்டி

வீட்டிலுள்ள கைப்பேசிகள், கணினிகள் எல்லாவற்றின் படங்களையும் ஆவணங்களையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் சிறு பெட்டி ஒன்று உண்டு. வலையமைப்புச் சேமிப்பகம் என்பது அதன் பெயர். கடைகளில் 'நாஸ்' என்பார்கள். அதனுள் ஒன்றோ இரண்டோ ஹார்டு டிஸ்க் இருக்கும். அதை ரவுட்டருடன் கேபிளால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள எந்தக் கணினியிலிருந்தும் அதில் எழுதலாம், படிக்கலாம்.

எங்கள் தாத்தா பல ஆண்டுகள் தவக்காலத்தில் பங்குக் கோவிலில் வியாகுலப் பிரசங்கத்தை ராகத்துடன் வாசித்தவர். அதை அப்பா ஏழு ஒலிப்பதிவுகளாகத் தம் பழைய மடிக்கணினியில் வைத்திருந்தார். தாத்தா இறைவனடி சேர்ந்த பின் அவர் குரல் இருந்த ஒரே இடம் அதுதான். அத்துடன் குடும்பப் படங்களும் வீடியோக்களும் சேர்ந்து 200 கிகாபைட் இருந்தன. இவற்றைக் காப்பாற்றவே பெட்டி வாங்கினோம்.

முதல் நாள் நகலெடுக்கத் தொடங்கியபோது, முடிய 18 மணி நேரத்துக்கு மேலாகும் என்று திரை காட்டியது. "பெட்டி மெதுவானது போலும், பிறகு பார்ப்போம்" என்று நிறுத்திவிட்டோம். இரண்டு வாரம் சென்றது. ஒரு நாள் மடிக்கணினிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்ற ஓசை கேட்டது. ஹார்டு டிஸ்க் பழுதாகத் தொடங்கிவிட்டது! பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுப்பதா, இணையத் திட்டத்தை உயர்த்துவதா என்று அப்பா யோசித்தார். அக்காவும் தம்பியுமாக நாங்கள் இருவரும், முதலில் அளந்து பார்ப்போம் என்றோம்.

பிட்டும் பைட்டும்

அளப்பதற்கு முன் ஒரு கணக்கு தெரிய வேண்டும். கேபிளின் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள். கோப்பின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் மிக அதிகமாகச் சென்றாலும் 12.5 மெகாபைட்தான் செல்லும். நடைமுறையில் சுமார் 11. வினாடிக்கு 1000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட் இணைப்பில் சுமார் 110 மெகாபைட் செல்லும். எங்கள் 200 கிகாபைட்டுக்கு முதல் வழியில் ஐந்து மணி நேரம்; இரண்டாவது வழியில் அரை மணி நேரம். எவ்வளவு வேறுபாடு பாருங்கள்!

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். கணினியிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கோப்பு வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. எனவே, மாதக் கட்டணம் கூடுதலாகக் கட்டி இணைய வேகத்தை உயர்த்தினாலும் இந்த வேலை விரைவாகாது.

முதல் தடை: வைஃபை

எங்கள் மடிக்கணினி வைஃபையில் இயங்கியது. வேகம் வினாடிக்கு 3 மெகாபைட். வைஃபை அலை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகளில் பெரும்பாலும் வருகிறது. முன்னது தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு. அண்டை வீட்டார் வைஃபையும் அதே வரிசையில் நெரிசல் உண்டாக்கும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில் வேலை செய்வதால் இடையூறு செய்யும். பின்னது வேகமானது; ஆனால் சுவர்களைத் தாண்டும்போது வலுவிழக்கும். எந்த வரிசையானாலும், ஒரே காற்றை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆதலால் பெரிய நகலெடுப்புக்குக் கேபிளே சிறந்தது.

இரண்டாம் தடை: கேபிள்

மடிக்கணினியையும் கேபிளில் இணைத்தோம். வேகம் 11 ஆயிற்று. அதற்கு மேல் ஏறவில்லை. சற்றுமுன் சொன்ன கணக்கு நினைவுக்கு வந்தது. 11 என்றால் 100 மெகாபிட் அல்லவா? ரவுட்டரும் பெட்டியும் கணினியும் கிகாபிட் வேகம் உடையவை. பின் தடை எங்கே?

நம் பள்ளியில் மாலை மணி அடித்ததும் பெரிய கதவைத் திறக்காமல் திட்டிவாசலை மட்டும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? எல்லாரும் வரிசையில் நெருக்கியடித்து நிற்போம். கேபிளிலும் அதுதான் நடந்தது. அதற்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு இணைகளாக இருக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும். கிகாபிட்டுக்கோ எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலோ, முனையில் சரியாகப் பதியாவிட்டாலோ, கருவிகள் பல சமயம் தாமாகவே குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். இணைப்பு அறுபடாததால் குறை நம் கண்ணில் படாது.

எங்கள் கேபிள் கதவிடுக்கில் நசுங்கியிருந்தது. 'கேட் 5இ' வகைப் புதிய கேபிளை மாற்றினோம். கணினியின் வலையமைப்பு விவரத்தில் 100 என்றிருந்தது 1000 ஆயிற்று. வீடியோக்கள் வினாடிக்கு 80 மெகாபைட் வேகத்தில் ஓடத் தொடங்கின. 110 வரவில்லையே என்றால், இப்போது குறுகிய வாசல் பழைய மடிக்கணினியின் டிஸ்க்தான்.

மூன்றாம் தடை: சிறு கோப்புகள்

படங்களுக்கு வந்ததும் வேகம் மீண்டும் சரிந்தது. பதறினோம், ஆனால் இது பழுதன்று. நாற்பது பேரும் ஒவ்வொருவராகச் சென்று நோட்டைக் கொடுத்து, சிஸ்டரிடம் கையொப்பம் வாங்கித் திரும்புவதற்கும், வகுப்புத் தலைவி நாற்பது நோட்டையும் ஒரே கட்டாகக் கொண்டு வைப்பதற்கும் வேறுபாடு இல்லையா? ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் பதிந்து, இடம் ஒதுக்கி, முடிந்ததும் மூடவேண்டும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் இந்தச் சடங்குக்கே நேரம் போய்விடும். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொன்றையும் சோதித்தால் இன்னும் தாமதமாகும். சிறு கோப்புகளை ஒரே 'ஜிப்' கோப்பாகக் கட்டி அனுப்புவது இதற்கு ஒரு வழி.

நான்காம் தடை: டிஸ்க்

சில ஹார்டு டிஸ்குகளில் தடங்கள், நாட்டு ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன் ஓரம் மற்றொன்றின்மேல் ஏறியிருக்கும். இடம் மிச்சம், ஆனால் ஒரு தடத்தைத் திருத்த, அடுத்துள்ள தடங்களையும் மீண்டும் எழுத வேண்டும். இவ்வகை டிஸ்க் தொடக்கத்தில் வேகமாக எழுதி, சற்று நேரத்தில் தளர்ந்துவிடும். பெட்டிக்கென டிஸ்க் வாங்குவோர் இதைக் கேட்டு வாங்குதல் நலம். டிஸ்க் பழுதாகும்போதும் ஒரே இடத்தைப் பலமுறை படிக்க முயல்வதால் வேகம் குறையும். ஆகவே மந்தம் சில சமயம் எச்சரிக்கையும் ஆகும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

ஒரே பெரிய கோப்பை, எடுத்துக்காட்டாக 2 கிகாபைட் வீடியோவை, அனுப்பிக் கடிகாரம் பார்த்து வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வைஃபை, கேபிள், ரவுட்டர் துளை, கணினி என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் மீண்டும் அளக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாமலே போகும்.

கோப்புகளை 'வெட்டி' ஒட்டாமல் 'நகல்' எடுக்கவேண்டும். திறந்து பார்த்த பின்னரே பழையதை நீக்கலாம். இரண்டு டிஸ்க் உள்ள பெட்டியானாலும் அது ஒன்றே போதாது. ஒன்றில் தவறி அழித்தால் மற்றதிலும் அழியும். எனவே வேறிடத்தில் இன்னொரு நகல் இருப்பது அவசியம்.

முடிவுரை

கேபிள் மாற்றிய அன்று மாலைக்குள் எல்லாம் பெட்டிக்கு வந்து சேர்ந்தன என்று எழுத ஆசைதான். தாத்தாவின் ஏழு ஒலிப்பதிவுகளில் ஆறு வந்தன. ஏழாவதைப் படிக்க முடியவில்லை. விலைமதிப்பற்றதை முதலில் அனுப்பாமல், கணினி காட்டிய வரிசைப்படியே எல்லாவற்றையும் அனுப்பியது எங்கள் முதல் தவறு. மந்தம் தெரிந்த நாளிலேயே காரணம் தேடாமல் இரண்டு வாரம் விட்டது அதைவிடப் பெரிய தவறு.

பெட்டியைக் குறை சொன்னோம். பெட்டியில் குறை இல்லை. இணையத்தைக் குறை சொல்லவிருந்தோம். அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கதவிடுக்கில் கிடந்த கேபிளை மட்டும் யாரும் குனிந்து பார்க்கவில்லை. தோழியரே, உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டியின் குரலோ படமோ ஏதேனும் ஒரு பழைய கணினியில் தனியே இருக்கக்கூடும். இன்று மாலையே அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். வேகம் குறைந்தால் சலித்து நிறுத்தாமல், குறுகிய வாசல் எதுவென்று தேடுங்கள். அடுத்த பெரிய வெள்ளியன்று எங்கள் வீட்டில் தாத்தாவின் குரல் ஒலிக்கும். ஆறு பகுதிகளை அவரே வாசிப்பார். ஏழாவதைப் புத்தகத்தைப் பார்த்து நாங்கள் வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம்.