வடக்கு வாசல் – 17: திரும்பிப் போகும் நாளுக்கு ஒரு தொழில்

சென்ற இரண்டு வாரங்களாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருட்டு ஆலைகளையும், அங்கே வேலைக்கு வந்து குவியும் வடமாநிலத் தொழிலாளர்களையும் பற்றி எழுதினேன். அதே ஊரில் 1990 முதல் வசித்துவரும் இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொடரை மேலே நகர்த்த எனக்கு மனமில்லை. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமைச் சொல்கிறேன். புழல் காவாங்கரையிலும் இப்படி ஒரு முகாம் உண்டு.

முகாமில் ஆண்களுக்கு என்ன வேலை என்று கேட்டால், பெரும்பாலும் ‘பெயிண்டிங்’ என்றுதான் பதில் வரும். கும்மிடிப்பூண்டியில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த முகாமுக்குப் போனாலும் இதே பதில்தான். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன் பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பார்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது கிளம்பும் வெள்ளைத் தூசி கண் இமையிலும் மூக்கிலும் படிந்துவிடும். வாயைக் கட்ட ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. அடுக்குமாடிக் கட்டடம் என்றால் கயிற்றில் பலகை கட்டித் தொங்கியபடி வேலை. விழுந்து இறந்தவர்கள் உண்டு. இடுப்பொடிந்து முகாம் வீட்டுக்குள் படுத்துக் கிடப்பவர்களும் உண்டு.

ஏன் இந்த வேலையைப் பிடித்தார்கள்? பெயிண்டிங் மேஸ்திரி சான்றிதழ் கேட்பதில்லை, பாஸ்போர்ட் கேட்பதில்லை. சாயங்காலம் கூலி கைக்கு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முகாமில் ‘செக்கிங்’ என்று அறிவித்தால் அன்றைக்கு வேலைக்கு மட்டம் போடலாம். வருவாய்த் துறையினரும் காவல்துறையின் உளவு அமைப்பான கியூ பிரிவு போலீஸாரும் வந்து பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் உதவித்தொகை நிற்கும், பதிவே கேள்விக்குள்ளாகும். இந்த நிபந்தனையை வைத்துக்கொண்டு மூன்று ஷிப்ட் ஓடும் தொழிற்சாலையில் ஒருவர் எப்படி நிலையான வேலை பார்ப்பார்? சிப்காட் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முகாம்வாசிக்கு அது எட்டாத தூரம்.

இந்தப் பின்னணியில்தான் எஸ்.சி. சந்திரஹாசனின் வாழ்க்கைப் பணியைப் பார்க்க வேண்டும். ‘தந்தை செல்வா’ என்று ஈழத் தமிழர்கள் அழைத்த, தமிழரசுக் கட்சியின் நிறுவனர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் இவர். தொழிலால் வழக்கறிஞர். இலங்கையில் 1983 ஜூலையில் நடந்த தமிழர் இனப்படுகொலைக்குப் பிறகு தமிழகக் கரைக்கு மக்கள் படகு படகாக வந்தார்கள். 1987க்குள் வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 1,34,000 பேர். அரசும் தொண்டு நிறுவனங்களும் சோறும் துணியும் தந்தன. சந்திரஹாசன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், சுருக்கமாக ‘ஒஃபர்’, வேறொரு கேள்வியிலிருந்து புறப்பட்டது: ஒருநாள் ஊர் திரும்பும்போது இவர்கள் எப்படிப்பட்ட மனிதர்களாகத் திரும்ப வேண்டும்?

கேட்பதற்கு எளிதாகத் தெரியும் கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு முழு வேலைத்திட்டமே இருக்கிறது. போரில் பள்ளிக்கூடம் போனது, ஆஸ்பத்திரி போனது, ஆசிரியரும் மருத்துவத் தாதியும் கிராம அலுவலரும் இல்லாமல் போனார்கள். திரும்பிப் போகிறவர் கை நீட்டி நிற்கும் ஆளாகப் போனால் அந்த மண்ணுக்கு இன்னொரு சுமை. ஒரு தொழில் தெரிந்தவராகப் போனால் ஊரை நிமிர்த்தலாம். அகதி வாழ்க்கையைக் காத்திருக்கும் காலம் என்று விட்டுவிடாமல் கற்கும் காலமாக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார்.

அரசியல் அவரை நிம்மதியாக வேலை செய்யவிடவில்லை. 1985 ஆகஸ்டில், இலங்கை அரசுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் இடையே பூட்டானில் நடந்த திம்புப் பேச்சுவார்த்தை முறிந்த கையோடு, விடுதலைப் புலிகளின் ஆலோசகர் அன்டன் பாலசிங்கம், வழக்கறிஞர் சத்தியேந்திரா ஆகியோருடன் சந்திரஹாசனையும் நாடு கடத்த இந்திய அரசு உத்தரவிட்டது. அவரை அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றினார்கள். அவரோ அங்கே தங்க மறுத்து இந்தியாவுக்கே திரும்பினார். உத்தரவு பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. அமெரிக்காவில் ஒரு வாழ்க்கை தொடங்க வாய்ப்புக் கிடைத்தும் முகாம் மக்களிடம் திரும்பி வந்த இந்த ஒரு செயலே அவர் யார் என்பதற்குச் சாட்சி என்பேன்.

ஒஃபரின் வேலைமுறையில் என்னைப் பெரிதும் ஈர்த்தது, அதன் பணியாளர்கள் பெரும்பாலும் முகாமில் வாழும் ஏதிலியரே என்பதுதான். பத்தாவது படித்த பெண்ணுக்கு அடிப்படைச் சுகாதாரப் பயிற்சி கொடுத்து, அவரையே முகாமின் சுகாதாரப் பணியாளர் ஆக்கினார்கள். கர்ப்பிணியின் எடை, குழந்தையின் தடுப்பூசி, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் என்று எல்லாம் அவர் பொறுப்பு. கல்லூரிக்குப் போன முகாம் பிள்ளைகள் சாயங்காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார்கள். கணினி, தையல், உளவள ஆலோசனை, மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதும் பயிற்சி எல்லாம் வந்தன. ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்காகத் தொட்டியில் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியை வளர்க்கவும் கற்றுக்கொண்டார்கள். பத்துக்குப் பத்து அடி வீட்டில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் இடத்தில் இவ்வளவும் நடந்தது.

1991 மே 21க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. ராஜீவ் காந்தி கொலையின் பழி முகாம் முழுவதன் மீதும் விழுந்தது. தொண்டு நிறுவனங்கள் உள்ளே போகக் கட்டுப்பாடு வந்தது. உயர்கல்வியில் முகாம் மாணவர்களுக்கு இருந்த இடங்கள் நிறுத்தப்பட்டன. 1996க்குப் பிறகுதான் அந்தக் கதவு மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் பலர் தூரிகையைப் பிடித்தார்கள். அவர்கள் இழந்ததை யாரும் இன்றுவரை ஈடுசெய்யவில்லை.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது, பயிற்சி பெற்ற அந்த முகாம் பெண்களும் ஆண்களும் தமிழகக் கடலோரக் கிராமங்களுக்குப் போய், பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்களோடு உட்கார்ந்து பேசினார்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் இழப்பது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். தஞ்சம் கொடுத்த மண்ணுக்கு அவர்கள் செய்த அந்தச் சேவை தமிழ்நாட்டில் போதிய அளவு பேசப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இலங்கைப் போர் 2009இல் முடிந்தது. சிலர் திரும்பிப் போனார்கள், பெரும்பாலோர் போகவில்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கை என்பது பாட்டி சொல்லும் ஊர். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தியாவும் சட்டப்படி சொந்தமில்லை. குடியுரிமைச் சட்டத்தின்படி, 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். இதை வைத்துத்தான் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் சென்று பாஸ்போர்ட் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். கும்மிடிப்பூண்டி முகாம் தொடங்கியதோ 1990இல். அங்கே பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இந்த வழி இல்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. எனவே பி.இ. முடித்த இளைஞருக்கு அரசு வேலை கிடையாது. பெரிய கம்பெனிகள் பாஸ்போர்ட் இல்லை என்றதும் தயங்குகின்றன. அவர் அப்பாவோடு பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகள், உயர்த்தப்பட்ட உதவித்தொகை, 5,000 பேருக்குத் திறன் பயிற்சி எல்லாம் அதில் இருந்தன. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அதுவும் ஆறுதல்தான். ஆனால் குடியுரிமை வரவில்லை. கையில் தொழிலைக் கொடுத்துவிட்டு அதைச் செய்யும் உரிமையைக் கொடுக்காவிட்டால், பயிற்சிக்குச் செலவிட்ட பணமும் நேரமும் பாதி வீண்.

சிப்காட் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆள் கிடைக்கவில்லை என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி ஒப்பந்தக்காரர்களை அனுப்புகிறீர்கள். உங்கள் ஊரிலேயே தமிழ் பேசும், படித்த, பயிற்சி பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு நேர்காணல் செய்யுங்கள். ‘செக்கிங்’ நாளை ஷிப்டுக்கு ஏற்ப மாற்றித்தர மாவட்ட ஆட்சியரிடம் நீங்கள் கேட்டால் நடக்கும். முகாம்வாசி கேட்டால் நடப்பது கடினம். மத்திய அரசு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே படித்து, முப்பது வயதைத் தாண்டிவிட்ட இவர்களுக்குக் குடியுரிமை வழங்க வேண்டும்.

(தொடரும்)